காகிதக் கோட்டைகள் – 14: நூற்றுக்கு ஒன்று

சென்ற வாரம் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். 2020 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. கொரோனா காலம் என்பதால் மண்டபம் இல்லை, மைக் பிடிக்க அடிதடி இல்லை, கூட்டம் முடிந்து கையில் திணிக்கும் ஸ்வீட் பாக்கெட்டும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான்.

முடிவு வெளியானபோது வங்கித் துறையே ஒரு கணம் திகைத்தது. இயக்குநர்கள் ஏழு பேரின் நியமனத்தைப் பங்குதாரர்கள் நிராகரித்திருந்தார்கள். நிர்வாக இயக்குநரும் தலைமைச் செயல் அதிகாரியுமான எஸ். சுந்தரும் அந்த ஏழு பேரில் ஒருவர். தணிக்கையாளர் நியமனமும் தோற்றது. இரண்டே நாளில் ரிசர்வ் வங்கி, மீதா மாக்கான் தலைமையில் மூன்று இயக்குநர்கள் கொண்ட குழுவின் கையில் வங்கியை ஒப்படைத்தது.

பங்குதாரர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1926இல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியாரும் கரூர் வியாபாரிகள் சிலரும் சேர்ந்து தொடங்கிய வங்கி இது. ஜவுளிக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் சின்னச் சின்னக் கடன் கொடுத்துப் பிழைத்த வங்கி. அது டெல்லிப் பெரும்புள்ளிகளான சிங் சகோதரர்களின் நிறுவனங்களுக்கு 700 கோடிக்கு மேல் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக இருந்த ரெலிகேர் ஃபின்வெஸ்ட் நிறுவனத்தின் வைப்புத் தொகையைக் கழித்துக்கொண்டதில் வழக்கும் வம்பும் வந்து சேர்ந்தன. வாராக்கடன் ஏறியது. 2017 டிசம்பரில் உரிமைப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்குக்கு 122 ரூபாய் வாங்கியிருந்தார்கள். 2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்சோடு இணையப் போவதாக அறிவித்தபோது, நூறு வங்கிப் பங்குக்கு 14 இந்தியாபுல்ஸ் பங்கு என்று கணக்குச் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கி அந்த இணைப்பை மறுத்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் வங்கியைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்தது.

ஆக, 2020 செப்டம்பரில் பங்குதாரர் தன் ஆயுதத்தை எடுத்து வீசிப் பார்த்தார். ஆயுதமும் வேலை செய்தது. ஆனால் அதன்பின் இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். மாலையில் அறிவிப்பு வந்தது: வங்கியின் மீது ஒரு மாதத் தடை, வைப்பாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. இயக்குநர் குழு கலைப்பு. நிர்வாகியாக கனரா வங்கியின் முன்னாள் தலைவர் டி.என். மனோகரன். அன்றே இன்னொரு காகிதமும் வந்தது: சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பதற்கான வரைவுத் திட்டம். ஆட்சேபம் இருந்தால் நவம்பர் 20 மாலை 5 மணிக்குள் சொல்லலாம். மூன்று நாள்!

அந்த வரைவுக்குள் ஒரு வாக்கியம். வங்கியின் செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் முழுவதும், கையிருப்பு நிதிகளோடு சேர்த்து, எழுதித் தள்ளப்படும்.

பத்துக்கு ஒன்று இல்லை. நூற்றுக்கு ஒன்று இல்லை. பூஜ்யம்.

17ஆம் தேதி பதினைந்தரை ரூபாய் அளவில் இருந்த பங்கு, அடுத்த நாள் லோயர் சர்க்யூட் (ஒரு நாளில் விழ அனுமதிக்கப்பட்ட கடைசி எல்லை), அதற்கடுத்த நாளும் லோயர் சர்க்யூட் என்று சரிந்து ஏழு ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழு ரூபாயிலும் வாங்க ஆள் இருந்தது. பூஜ்யம் என்று அரசாங்கக் காகிதத்தில் அச்சடித்திருக்கும் ஒரு பொருளுக்கு ஏழு ரூபாய் கொடுத்தவர்களைப் பற்றி யாராவது தனியாக ஒரு புத்தகம் எழுத வேண்டும். 25ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல், 27ஆம் தேதி இணைப்பு. சுமார் 20 லட்சம் வைப்பாளர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. டிபிஎஸ் 2,500 கோடி புதுப் பணம் கொண்டுவந்தது. வங்கி வெளியிட்டிருந்த 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரமும் பங்கோடு சேர்ந்து போயிற்று. பங்குதாரர் சிலர் மும்பை, சென்னை உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். இணைப்பை எந்த நீதிமன்றமும் நிறுத்தவில்லை.

செப்டம்பரில் ஏழு பேரைத் தூக்கியெறிந்த அதே பங்குதாரரிடம் நவம்பரில் யாரும் வாக்குக் கேட்கவில்லை. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

அப்படியென்றால் பங்குதாரரிடம் கேட்டே ஆக வேண்டிய இடம் எது? கேட்காமலே கைவைக்கக்கூடிய இடம் எது? அந்தக் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க, நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

மூலதனத்தைக் குறைப்பது ஒரு காலத்தில் கிட்டத்தட்டப் பாவச் செயல். கம்பெனியின் மூலதனம் கடன் கொடுத்தவனுக்கான காப்பு. அதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் இங்கிலாந்து நீதிபதிகளின் நம்பிக்கை. 1867இல்தான் அங்கே நாடாளுமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்தது. குறைக்கலாம், ஆனால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், கடன் கொடுத்தவர்களைக் கேட்க வேண்டும். கூடவே ஒரு தண்டனையும் வைத்தார்கள். குறைத்த கம்பெனி, நீதிமன்றம் சொல்லும் காலம் வரை, தன் பெயருக்குக் கடைசியில் 'குறைக்கப்பட்டது' என்று போட்டுக்கொள்ள வேண்டும். கடைப் பலகையில், கடிதத் தாளில், ரசீதில், எல்லாவற்றிலும். ஊர் அறிய நெற்றியில் எழுதிக்கொண்டு திரி என்ற ஏற்பாடு.

நம் நாட்டுச் சட்டங்களும் அதையே பின்பற்றின. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1956ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில்கூட, பெயரில் அப்படிப் போடச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது காணாமல் போனது. இப்போது 66ஆம் பிரிவு: சிறப்புத் தீர்மானம், அதாவது பதிவான வாக்கில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். பிறகு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். அது அரசுக்கும் பதிவாளருக்கும் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபிக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பி, மூன்று மாதம் காத்திருந்து முடிவு சொல்லும். பங்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரிவர்ஸ் ஸ்ப்ளிட்டுக்கு 61ஆம் பிரிவு. பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டாலே போதும். வாக்குரிமை விகிதம் மாறினால் மட்டும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

நெற்றியில் எழுதும் வழக்கத்தை எடுத்தது தவறோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். பெயரில் இருந்தால் குறைந்தபட்சம் படிப்போம். முப்பது பக்க விளக்கக் குறிப்பின் இருபத்தியோராம் பக்கத்தில் இருந்தால் யார் படிக்கிறார்கள்?

காரிமங்கலத்தில் படித்தார்கள்.

*

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையில், மலைமேல் அருணேசுவரர் கோயில் தெரியும் ஊர். செவ்வாய்க்கிழமை வாரச் சந்தை. ஆடு, மாடு, தேங்காய் என்று விடியற்காலையிலேயே சூடு பிடித்து, மதியத்துக்குள் பாதி கலைந்துவிடும். இந்தத் தொடரைப் படிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கே கூப்பிட்டிருந்தார். சந்தை முடிந்த நேரம் டீக்கடை பெஞ்சில் அவரோடு ஒரு தேங்காய் மண்டிக்காரரும், செல்போன் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரும். மூவரும் ஒரே கம்பெனியின் பங்கு வைத்திருக்கிறார்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். விலை இரண்டு ரூபாய். சல்லிக்காசுப் பங்கு, பங்குச்சந்தைக்காரர்கள் பாஷையில் பென்னி ஸ்டாக்.

கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. ஆசிரியர் அதை அச்சடித்து, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். மூன்று தீர்மானங்கள். ஒன்று, பங்கின் முகமதிப்பை 10 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகக் குறைப்பது. இரண்டு, ஒரு ரூபாய்ப் பங்கு பத்தைச் சேர்த்துப் பத்து ரூபாய்ப் பங்கு ஒன்றாக்குவது. மூன்று, ஒரு புது முதலீட்டாளருக்கு முன்னுரிமை அடிப்படையில் பங்கு ஒதுக்குவது.

"பத்து ஒண்ணாயிடுமாம். அப்ப மீதி ஒம்பது எங்க சார் போவுது?" என்றார் மண்டிக்காரர்.

"எங்கயும் போவலணா. ரேட்டும் பத்து மடங்காயிடும். இப்ப ரெண்டு ரூபா, அப்ப இருபது ரூபா" என்றார் இளைஞர்.

"ஓ, காயை எண்ணி விக்கறதுக்குப் பதிலா மூட்டையா கட்றான். அவ்வளவுதானே? காய் அதே காய்தானே?"

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆசிரியர் விடவில்லை. "சரி தம்பி, ஒண்ணும் மாறாதுன்னா அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடறான்? தீர்ப்பாயம், வக்கீல், ஓட்டு... செலவு யாரு குடுக்கறது?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கம்பெனிச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது: முகமதிப்புக்குக் குறைவான விலையில் புதுப் பங்கு வெளியிடக் கூடாது. முகமதிப்பு 10 ரூபாய், சந்தை விலை 2 ரூபாய் என்றால் எந்தப் புத்திசாலி பத்து ரூபாய் கொடுத்துப் புதுப் பங்கு வாங்குவான்? சந்தையிலேயே இரண்டுக்குக் கிடைக்கிறதே. எனவே பணம் வர வழியில்லை. கம்பெனி அப்படியே முட்டிக்கொண்டு நிற்கும். முகமதிப்பை 1 ரூபாயாகக் குறைத்துவிட்டால் அந்தக் கதவு திறக்கிறது. கூடவே பழைய நஷ்டமும் கணக்கிலிருந்து அழிகிறது. பழைய நஷ்டத்தைச் சரிக்கட்டாமல் டிவிடெண்டும் தர முடியாதல்லவா, அந்தத் தடையும் நீங்கும்.

டீக்கடைப் பெஞ்சில் நோட்டீஸின் பின்புறம் எழுதிய கணக்கை இங்கே தருகிறேன்; எண்கள் கணக்கு போட வசதியாக நானே வைத்துக்கொண்டவை. 10 கோடிப் பங்கு, முகமதிப்பு 10 ரூபாய், ஆக மூலதனம் 100 கோடி. சேர்ந்த நஷ்டம் 90 கோடி. முகமதிப்பை 1 ரூபாயாக்கினால் மூலதனம் 10 கோடி. மீதி 90 கோடி நஷ்டத்தோடு நேர். பத்தை ஒன்றாக்கினால் 1 கோடிப் பங்கு. மண்டிக்காரரின் 5,000 பங்கு 500 ஆகிறது. முன்பு 5,000 பங்கு இரண்டு ரூபாய் வீதம் பத்தாயிரம். இப்போது 500 பங்கு இருபது ரூபாய் வீதம் அதே பத்தாயிரம். கம்பெனியில் அவர் பாகம் முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவே. ஒரு ரூபாய் கூட யாரும் எடுக்கவில்லை. 37 பங்கு வைத்திருப்பவருக்கு 3 பங்கு வரும். துண்டாக நிற்கும் 7ஐ மற்றவர்களின் துண்டுகளோடு சேர்த்து விற்றுப் பணமாகத் தருவார்கள். ஒன்பது பங்கு மட்டும் வைத்திருந்தால் பங்குதாரர் என்ற அந்தஸ்தே போய்விடும்.

பிறகு வருகிறது மூன்றாவது தீர்மானம். புது முதலீட்டாளருக்கு 9 கோடிப் பங்கு. மொத்தம் 10 கோடியாகிறது. மண்டிக்காரரின் பாகம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. புதியவர் இருபது ரூபாய் வீதம் 180 கோடி கொண்டுவந்து போட்டிருந்தால், பாகம் சுருங்கினாலும் பண மதிப்பு குறையாது. பெரிய கம்பெனியில் சின்னப் பங்கு, அவ்வளவுதான். அதே 9 கோடிப் பங்கு பத்து ரூபாய்க்குப் போயிருந்தால்? கம்பெனிக்குள் வரும் பணம் 90 கோடி, பழைய மதிப்பு 20 கோடி, மொத்தம் 110 கோடி. ஒரு பங்குக்குப் பதினோரு ரூபாய். மண்டிக்காரரின் பத்தாயிரம் ஐயாயிரத்து ஐந்நூறாகிவிட்டது. ஒரு காயைக்கூட யாரும் திருடாமலே.

"அப்ப மொத ரெண்டுக்கும் ஓட்டு போடலாம், மூணாவதுல வெலையப் பாக்கணும்" என்றார் ஆசிரியர். சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கு செபி ஒரு விலைச் சூத்திரம் வைத்திருக்கிறது. சந்தையின் சமீபத்திய சராசரி விலைக்குக் கீழே போக முடியாது. ஆனால் அந்தச் சராசரி எப்படி உண்டானது, கடைசி மூன்று மாதத்தில் யார் விற்றார்கள், புது முதலீட்டாளர் யாருடைய மச்சான் என்பதெல்லாம் சூத்திரத்துக்குத் தெரியாது. இளைஞர் உடனே செல்போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வாக்கு எப்படிப் போட்டார்கள் என்பது அவர்கள் விஷயம்.

*

சேர்ப்பதும் குறைப்பதும் ஏமாற்று வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நம் சென்னையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, சென்னை மாகாணமே தலையில் கை வைத்ததையும், அந்தச் சாம்பலிலிருந்து வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி எழுந்ததையும் தொடக்க வாரங்களில் பார்த்தோம். அந்த இந்தியன் வங்கி 1995–96இல் 1,336 கோடி நஷ்டம் காட்டியது. அப்போது அது மூடப்படும் என்றே பலர் நினைத்தார்கள். அரசு மீண்டும் மீண்டும் பணம் கொட்டியது. 2000க்குப் பிறகு ரஞ்சனா குமார் தலைமையில் வங்கி நிமிர்ந்தது. ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் பழைய நஷ்டம் பாறாங்கல்லாகக் கிடந்தது. பொதுமக்களுக்குப் பங்கு விற்பதற்கு முன், 3,830 கோடி ரூபாய் நஷ்டத்தை அரசு போட்ட மூலதனத்திலிருந்தே கழித்தார்கள். மீதி நின்றது 744 கோடி அளவு. அதிலும் 400 கோடியை முன்னுரிமைப் பங்காக மாற்றி, சாதாரணப் பங்கு மூலதனம் 344 கோடி என்று சுருக்கி, 2007 பிப்ரவரியில் 91 ரூபாய்க்குப் பொது வெளியீடு.

குறைக்கப்பட்டது யாருடைய பணம்? அரசின் பணம், அதாவது என்னுடையதும் உங்களுடையதும். ஆனால் ஒரே பங்குதாரர், அவரே ஒப்புக்கொண்டார், அவரே சுமந்தார். சண்டைக்கு ஆளில்லை.

அமெரிக்காவில் 2011 மே மாதம் சிட்டிகுரூப் பத்துக்கு ஒன்று செய்தது. நெருக்கடிக்குப் பிறகு பங்குகள் 2,900 கோடியாகப் பெருகி, விலை நாலரை டாலரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே இரவில் 290 கோடிப் பங்கு, 45 டாலர் அளவில் விலை. வங்கி பிழைத்துக்கொண்டது. மறுபக்கம் கிரேக்கக் கப்பல் கம்பெனி டிரைஷிப்ஸ் இருக்கிறது. நாஸ்டாக்கில் பங்கு விலை ஒரு டாலருக்குக் கீழே தொடர்ந்து கிடந்தால் வெளியேற்றிவிடுவார்கள். எனவே 2016 மார்ச் முதல் 2017 ஜூலை வரை எட்டு முறை ரிவர்ஸ் ஸ்ப்ளிட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் புதுப் பங்கு அச்சடித்து விற்பனை. விலை விழுந்தால் மறுபடி சேர்ப்பு, மறுபடி விற்பனை. எட்டு முறையையும் பெருக்கிப் பார்த்தால் முதலில் லட்சக்கணக்கில் பங்கு வைத்திருந்தவருக்குக் கடைசியில் ஒரு முழுப் பங்கு தேறாது. மூட்டை கட்டுவதல்ல, குடோனில் யார் எவ்வளவு சரக்கை இறக்குகிறார்கள் என்பதே கதை என்று காரிமங்கலத்தில் பேசியதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

ஆனால் இவை எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பங்குதாரரைக் கேட்டார், பேருக்காவது. கேட்காத கதைக்கு வருவோம்.

*

2016இல் திவால் சட்டம் வந்தது. கடனைக் கட்ட முடியாத கம்பெனியைக் கடன் கொடுத்தவர்களின் குழு கையில் எடுத்துக்கொண்டு ஏலம் விடும். எடுப்பவர் ஒரு திட்டம் தருவார். அந்தத் திட்டத்தில் பழைய பங்குகளைக் குறைப்பது, சேர்ப்பது, ரத்து செய்வது எல்லாம் இருக்கலாம். பழைய பங்குதாரர் ஒத்துக்கொள்ள மாட்டாரே? அதற்காகச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: பங்குதாரர் ஒப்புதல் தேவைப்படும் இடத்தில், அது கிடைத்துவிட்டதாகவே கருதப்படும்.

கருதப்படும்! கூட்டமும் வாக்கும் சிவப்பு மையும் தேவையில்லை.

முதல் பெரிய காட்சி இந்தூரில். ருச்சி சோயா, நியூட்ரேலா சோயாவும் மகாகோஷ் எண்ணெயும் விற்ற கம்பெனி. 2017 டிசம்பரில் திவால் நடைமுறைக்குள் போனது. ஏலத்தில் முதலில் வென்ற அதானி வில்மர் பின்வாங்கியது. பதஞ்சலி 4,350 கோடிக்கு எடுத்தது. அதில் சுமார் 3,200 கோடி வங்கிக் கடன். பழைய கடனில் கையைச் சுட்டுக்கொண்ட ஸ்டேட் வங்கியும் புதுக் கடன் கொடுத்த வங்கிகளில் ஒன்று. இதற்கு நான் விமர்சனம் எழுதப் போவதில்லை, வாசகர் சிரித்துக்கொள்ளலாம்.

33 கோடியே 41 லட்சம் பழைய பங்குகள் இருந்தன. நூற்றுக்கு ஒன்று என்று சேர்த்து 33 லட்சத்து 41 ஆயிரமாக்கினார்கள். இது காரிமங்கலத்துக் கணக்கு போல வெறும் மூட்டை கட்டல் அல்ல. பழையவர்களைச் சுருக்கிய கையோடு பதஞ்சலி குழுமத்துக்கு 29 கோடியே 25 லட்சம் புதுப் பங்குகள், ஒன்று 7 ரூபாய் வீதம். பழைய பங்குதாரர் அனைவரும் சேர்ந்து, முன்னாள் முதலாளிகள் உட்பட, கம்பெனியில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்.

வர்த்தகம் நிற்பதற்கு முன் பங்கு மூன்று ரூபாய்ச் சொச்சத்தில் கைமாறியது. பத்தாயிரம் பங்கு வைத்திருந்தவரிடம் முப்பதாயிரத்துக்கு மேல் மதிப்பு. நூற்றுக்கு ஒன்றுக்குப் பிறகு அவர் டீமேட் கணக்கில் 100 பங்கு. 2020 ஜனவரி 27, திங்கட்கிழமை மறுபடி பட்டியலானபோது விலை பதினாறு, பதினேழு ரூபாய். ஆக மதிப்பு 1,700 ரூபாய். முப்பதாயிரம் ஆயிரத்து எழுநூறாகிவிட்டது.

அன்றே வெறுத்துப்போய் விற்றவர்கள் இருந்திருப்பார்கள். யார்தான் விற்க மாட்டார்கள்?

மறுநாள் அப்பர் சர்க்யூட். அதற்கடுத்த நாளும். சந்தையில் புழங்கக்கூடிய பங்கே கைப்பிடியளவு. மீதியெல்லாம் பதஞ்சலி குழுமத்திடம் பூட்டிக் கிடக்கிறது. கேட்பவர் ஆயிரம் பேர், கொடுப்பவர் பத்துப் பேர். மார்ச்சில் கொரோனாவில் சந்தையே கவிழ்ந்தது. இந்தப் பங்கு ஏறிக்கொண்டே போனது. ஜூன் கடைசியில் 1,500 ரூபாயைத் தாண்டியது. விற்காமல் மறந்துபோய் வைத்திருந்தவரின் 1,700 ரூபாய் ஒன்றரை லட்சமாகியிருந்தது. 4,350 கோடிக்கு எடுத்த கம்பெனிக்குச் சந்தை போட்ட விலை 44,000 கோடி!

கம்பெனிக்கு அந்த மதிப்பு இருந்ததா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சதவீதப் பங்கை வைத்து நூறு சதவீதத்துக்குப் போடும் விலையைக் கணக்கு என்று சொல்லலாமே தவிர விலை என்று சொல்ல முடியாது. இறங்கவும் செய்தது; 2022 மார்ச்சில் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது 650 ரூபாய்க்குத்தான் விற்றார்கள். ஆனால் ஏழு ரூபாய்க்கு வாங்கியவருக்கு 650உம் குறைவில்லை.

செபி விழித்துக்கொண்டது. 2020 ஆகஸ்டில் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, இப்படித் திரும்பி வரும் கம்பெனிகளில் குறைந்தபட்சம் எவ்வளவு பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று கருத்துக் கேட்டது. மறு பட்டியலின்போதே ஐந்து சதவீதம் என்ற விதி வருவதற்கு 2021 ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில் நம் ஊர்க் கம்பெனி ஒன்று வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

சென்னை ஆர்க்கிட் பார்மா. 1992இல் கே. ராகவேந்திர ராவ் தொடங்கியது. செபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளில் உலகம் முழுக்கப் பெயர். ஆலத்தூரில் ஆலை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மருந்துத் துறையின் செல்லப்பிள்ளை. 2017 ஆகஸ்டில் திவால் நடைமுறைக்குள் விழுந்தது. முதலில் எடுக்க வந்த இன்ஜென் கேப்பிட்டல் சொன்ன பணத்தைக் கட்டவில்லை. அடுத்து வந்தது டெல்லியின் தனுகா லேபரட்டரீஸ். 2019 ஜூனில் சென்னைத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. கம்பெனியை உடைத்து விற்றால் கிடைக்கும் தொகையைவிடத் தனுகாவின் தொகை குறைவு என்று சொல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நவம்பரில் தள்ளியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தனுகா பக்கம் நின்றது. புதிய கம்பெனியில் 98 சதவீதம் தனுகாவுக்கு. பழைய பொதுப் பங்குதாரர்களுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை.

ருச்சி சோயாவில் என்ன நடந்தது என்று அதற்குள் நாடே பார்த்துவிட்டது. எனவே இந்த முறை யாரும் முட்டாளாகத் தயாராக இல்லை.

2020 நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. கரூர் வங்கிப் பங்கு பூஜ்யமாக இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறது. காலையில் ஆர்க்கிட் பார்மா மறுபடி சந்தைக்கு வருகிறது. விலை 18 ரூபாய். வாங்குவோர் பக்கம் ஆர்டர்கள் மலையாகக் குவிகின்றன. விற்போர் பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

வெறுமை.

மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும். ஐந்து மாதத்தில் அந்த 18 ரூபாய் 2,680 ரூபாயாகப் போகிறது. அப்படியானால் ஒரு சதவீதத்துக்கும் குறைவான அந்தப் பங்குகள் யார் யார் கையில் இருந்தன? ஏறும் வழியில் விற்றது யார், உச்சியில் வாங்கி மாட்டிக்கொண்டது யார்?

(அடுத்த வாரம்)